அம்மா பொறுக்கியெடுத்த ஜெனரேட்டர்

அன்பு மகள் கோரினுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். சுகம் என்றால், இந்தக் காயல் கரையில் ஜூலை மாதத்தில் மனுஷன் எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டே கிடக்கிறது, கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த அலாஸ்காக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா, ஜூலையிலும் நீ கம்பளிச் சட்டை போடுகிறாய் என்று அம்மா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறாள். உன் கடிதமும் அதோடு அனுப்பிய ஜெனரேட்டர் படங்களும் வந்து சேர்ந்தன. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணம் இல்லை. என்ன பதில் எழுதுவது என்று எங்களுக்கே இந்த வாரம்தான் தெரிந்தது.

புயல் காலம் பிறந்துவிட்டது, கரண்ட் போனால் அம்மாவின் மூச்சு மெஷினும் நின்றுபோகும், அதனால் வீடு முழுக்க இழுக்கிற பெரிய ஜெனரேட்டர் ஒன்றை உடனே வாங்குங்கள், இல்லாவிட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள், அறை தயாராக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு அம்மா கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டாள். நானோ உன் கட்சி. பெரியது என்றால் பெரியதுதான், பெட்ரோலிலும் ஓட வேண்டும், கேஸிலும் ஓட வேண்டும், மூச்சு மெஷின் கெட்டுப்போகாமல் கரண்ட் சீராக வர வேண்டும், அதற்கு இன்வர்ட்டர் வகைதான் என்று நானும் நாலு பேரிடம் விசாரித்து வைத்திருந்தேன். எதிர்க்கரை ஃபெர்டி போன வருஷம் வாங்கினது நீ படத்தில் காட்டிய மாதிரியேதான், சக்கரம் வைத்தது, பட்டனை அழுத்தினால் கிளம்புவது. அவன் டெக்ஸாஸில் தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது அதைத் தூண்மேல் நிற்கும் நம் வீட்டுக்குக் கீழே தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, "ஏ அல்சிட், ஓட்டிப் பாத்துட்டு வாங்கு. கல்யாணத்தத்தான் பாக்காமப் பண்ணிக்கிட்டே, இதையாச்சும் பாத்துப் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மா மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவன் திரும்பி வந்ததும் அவனுக்கு நன்றாகக் கிடைத்தது.

அவன் போன மறுநாளோ அதற்கு மறுநாளோ ஒரு புயல் வந்தது. பேர் வைக்கிற அளவுக்குக்கூட வளராத சவலைப் புயல், காற்று அதிகம் இல்லை. ஆனால் தெற்கிலிருந்து கடல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் கண்ணை மூடப் போகும்போது கரண்ட் போயிற்று. அம்மாவின் மெஷின் கீ கீ என்று கத்தியது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை, மூக்குக் குழாயைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அது சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பெரிய வீரன் மாதிரி கீழே இறங்கிப் போனேன். படிக்கட்டுக்கு அடியில் நம்முடைய கேஸ் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கின்றன. முதலாவதைத் தூக்கினேன், காலி. அடுத்ததும் காலி. எல்லாமே காலி. எப்படிக் காலி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இறைச்சி தொடாத தவக்காலம் வந்தால் ஊரில் ஒருவர் வீடு பாக்கியில்லாமல் அண்டா வைத்துச் சேற்றுச் சிங்கி இறால் வேகவைக்கிறார்கள், புனித வெள்ளியன்று கேட்கவே வேண்டாம். கேஸ் தீர்ந்துபோனவன் அக்கம்பக்கத்தில் சிலிண்டர் வாங்கிக்கொண்டு போவான், வேலை முடிந்ததும் கொண்டுவந்து வைப்பான். நிறைத்துக் கொண்டுவந்து வைக்கிற வழக்கம் இந்தக் கரையில் எவனுக்கும் கிடையாது, சத்தியமாக எனக்கும் கிடையாது. புயலுக்கென்று நாங்கள் நம்பியிருந்த கேஸையெல்லாம் ஊரே சேர்ந்து சிங்கியாகத் தின்று ஏப்பம் விட்டிருந்தது.

நல்ல வேளையாகப் படகுக்கு வாங்கி வைத்த பெட்ரோல் கொஞ்சம் கேனில் இருந்தது. அதை ஊற்றலாம் என்று பார்த்தால் தண்ணீர் முற்றத்துக்குள் வந்துவிட்டது. கால் நனைகிறது, பிறகு முழங்கால். ஜெனரேட்டருக்குச் சக்கரம் இருந்து என்ன புண்ணியம், சக்கரம் படியேறுமா? நான் ஒற்றை ஆள், அதைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும். போன வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைத் தூண்மேல் ஏற்றி உயரத்தில் வைத்தோமே, அப்போது அம்மா எல்லாவற்றையும் மேலேயே வைக்கச் சொன்னாள், நான்தான் கனமான சாமான் கீழேயே இருக்கட்டும் என்றேன். சரி, அதை விடு. நான் என்ன செய்தேன் தெரியுமா, அடி தட்டையான நம் சின்னப் படகை இழுத்து வந்து, ஜெனரேட்டரைப் பலகை வைத்து அதற்குள் உருட்டி ஏற்றிவிட்டேன். தண்ணீர் ஏறினால் படகும் ஏறும், அப்புறம் எனக்கென்ன பயம்? படகைப் படிக்கட்டுத் தூணில் கட்டி இயக்கப் போனால் மேலேயிருந்து அம்மா சத்தம் போட்டாள். "அல்சிட்! அந்தப் புகைய வீட்டுக்கடியில விட்டு என்னைக் கொல்லப் போறியா? தூரக் கொண்டுபோய்யா!" அவள் சொன்னது நியாயம். அந்தப் புகையில் இருக்கிற விஷத்துக்கு வாசனையும் கிடையாது, இரக்கமும் கிடையாது. படகைத் தள்ளிக்கொண்டு போய் ஓக் மரத்தில் கட்டினேன். ஒயர் தண்ணீரில் படக்கூடாதே என்று, வீட்டுக்கும் அந்த மரத்துக்கும் நடுவே துணி காயப்போடுகிற கப்பிக்கயிற்றை அம்மா இழுத்து விட்டாள், அதில் துணிக்கிளிப்புப் போட்டு ஒயரைத் தலைக்கு மேலாகவே வீட்டுக்குக் கொண்டுபோனேன். பட்டனை அழுத்தினேன், கிளம்பியது. ஜெனரேட்டர் படகில் மிதந்துகொண்டே ஓடுகிறது, மேலே அம்மாவுக்கு மூச்சு வருகிறது. என்னைவிடக் கெட்டிக்காரன் லூசியானாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அது பெரிய மெஷின் இல்லையா, பெட்ரோலையும் பெரிதாகக் குடித்தது. நின்றுபோயிற்று. அதற்குள் தண்ணீர் இடுப்பளவு. மிச்சமிருந்த கேனைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன், தண்ணீருக்கடியில் கிடந்த நண்டு பிடிக்கிற கம்பிக்கூடு காலைப் பிடித்தது, தொபுக்கென்று விழுந்தேன். தலை மூழ்கியது, வாயெல்லாம் உப்புத் தண்ணீர். பெரிய அடி இல்லை, முழங்கால் சுளுக்கிக்கொண்டது, இப்போது சரியாகிவிட்டது, நீ பதறாதே. நான் எழுந்து திரும்பிப் பார்க்கிறேன், உன் அம்மா ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியில் தண்ணீர் தொடுகிற இடம் வரைக்கும் இறங்கி வந்து நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை. கத்துவதற்குக்கூட மூச்சில்லாமல் கையை மட்டும் ஆட்டினாள். கோரின், அவள் முகத்தை நான் எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறேன், அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு ரொம்பப் பயமாகிவிட்டது. தண்ணீருக்கு இல்லை, அவள் முகத்துக்கு.

கரண்ட் அன்றைக்கு இருட்டுவதற்குள்ளேயே வந்துவிட்டது. சாப்பிடும்போது அவள்தான் பேச்சை எடுத்தாள். "நான் ஒன்னு கேக்குறேன், பதில் சொல்லு. நீ விழுந்து எந்திரிக்காமப் போயிருந்தா அதை யாரு கிளப்புறது?" என்றாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அவள் விடவில்லை. "ரெண்டு தடி ஆளு வேணும் அதைத் தூக்க. இங்க இருக்கிறது ஒரு தடி ஆளு, ஒரு நோஞ்சான். நீ ஊரு முழுக்க விசாரிச்சியே, மூச்சு எனக்கு, என்னைக் கேட்டியா?" என்றாள். கேட்கவில்லைதான். எத்தனை வாட், எத்தனை லிட்டர் என்று அலைந்தேனே ஒழிய அவளைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஹூமா ஊர்க் கடைக்கு அவளையே கூட்டிக்கொண்டு போனேன். வெளியே வரிசையாக எடுத்து வைத்து ஓட்டிக் காட்டினார்கள். கடைக்காரர் நீ சொன்ன பெரியதைத் தட்டிக் கொடுத்து, "இது வீட்டையே இழுக்கும்மா" என்றார். "வீடு இருக்கிற எடத்துலயே இருக்கட்டும் தம்பி, இழுக்க வேணாம்" என்றாள் இவள். நடுவில் இருந்தது விலையிலும் நயம், பார்க்கவும் லட்சணம், ஆனால் கயிற்றை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். அவள் ஒரு தடவை இழுத்தாள், கயிறு பாதிகூட வரவில்லை, அதைத் தள்ளி வை என்று கண்ணைக் காட்டினாள். கடைசியில் ஒரு சின்னது. பயணப்பெட்டி அளவுதான், மேலே கைப்பிடி, நான் ஒரு கையால் தூக்கிவிட்டேன், மறுநாள் இடுப்பு வலித்தது வேறு விஷயம். பெட்ரோல், கேஸ் இரண்டும் போகும், அதிலும் இன்வர்ட்டர் உண்டு, பட்டனும் உண்டு. அது ஓடும்போது அவள் என்னைக் கடையின் கோடிக்குப் போய் நிற்கச் சொல்லிவிட்டு மெஷின் பக்கத்தில் நின்று சாதாரணக் குரலில் என் பேரைச் சொன்னாள். எனக்குக் கேட்டது. "இதுதான்" என்றாள். அவ்வளவுதான் வியாபாரம். ஃபெர்டி வந்து பார்த்துவிட்டு, "என்ன அல்சிட், ஜெனரேட்டர் கேட்டா தையல் மெஷின் குடுத்துட்டானா? எனக்கு ரெண்டு சட்டை தச்சுக் குடு" என்று சிரித்தான். அவனுடைய பெரியது அந்தப் படகிலிருந்து இறங்க எத்தனை பேர் வேண்டியிருந்தது என்று நான் கேட்டதும் தன் இடுப்பைத் தடவிக்கொண்டான்.

வீடு முழுக்கக் குளிரும் என்று நீ ஆசைப்பட்டது இதில் நடக்காது. மூச்சு மெஷின் எப்போதும் ஓடும், ஃப்ரிட்ஜும் படுக்கையறைச் சின்ன ஏசியும் மாற்றி மாற்றித்தான். "இருக்கிறது ரெண்டு பேரு, ஒரு அறை குளுந்தாப் போதாதா?" என்கிறாள் அம்மா. வீட்டுக்குக் கேஸ் என்று வைத்திருக்கிறோம், பெட்ரோல் மாதிரி வைத்த இடத்தில் கெட்டுப்போகாது, ஊற்ற வேண்டாம், சிந்தாது, வால்வைத் திருப்பினால் போதும், அது அவளாலேயே முடியும். ஜெனரேட்டருக்கென்று மேல்தளத்தின் கோடியில் காயலைப் பார்க்க ஒரு பலகைத் தட்டு நீட்டிப் போட்டேன், ஜன்னலிலிருந்து நல்ல தூரம், புகையெல்லாம் தண்ணீர்ப் பக்கம் போய்விடும். அதிலிருந்தே மூச்சு மெஷினுக்கும் வாசல் விளக்குக்கும் ஒயர் இழுத்துவிட்டேன். நிறைந்த கேஸ் சிலிண்டர்களையும் மேலேயே ஏற்றி வைத்தாயிற்று. அவற்றின் கழுத்தில் அம்மா மார்டி க்ரா திருவிழா ஊர்வலத்தில் வண்டியிலிருந்து வீசும்போது பிடித்த மணிமாலைகளைச் சுற்றிவிட்டிருக்கிறாள், ஊதாவும் பச்சையும் பொன்னுமாகக் கல்யாணப் பெண் மாதிரி நிற்கின்றன. மாலை போட்டது சிங்கி அண்டாவுக்குப் போகாது என்று ஊருக்கே சொல்லிவிட்டாள். அன்றைக்கு யாரோ கேஸ் கேட்டு வந்தபோது ஃபெர்டியே தடுத்துவிட்டான். "அது சிலிண்டர் இல்லப்பா, ஓதீலோட மூச்சு. கை வைக்காத" என்று உன் அம்மா பேரைச் சொல்லியே விரட்டினானாம்.

இனிமேல்தான் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா என்னைப் பார்த்து, "நீ போய்ப் படகுல உக்காரு. நான் கூப்பிடாம வரக்கூடாது. செத்துப்போயிட்டேன்னு நெனச்சுக்க" என்றாள். என்னடி பேச்சு இது என்றேன், கேட்கவில்லை. போய் உட்கார்ந்தேன். அவள் மெயின் சுவிட்சை அணைத்தாள், மூச்சு மெஷின் கத்துவது எனக்குக் கேட்டது. ஆக்சிஜன் சிலிண்டரை இழுத்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தாள், நடுவில் கம்பியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள். குனிந்து வால்வைத் திறந்தாள், குமிழைக் கேஸ் பக்கம் திருப்பினாள், பட்டனை அழுத்தினாள். கிளம்பவில்லை. மறுபடி அழுத்தினாள், கிளம்பவில்லை. கேஸ் குழாய்க்குள் காற்று நின்றிருக்கும், முதல் தடவை அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். நான் எழுந்துவிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார் என்று பின்னால் கையைக் காட்டினாள். உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை, அவ்வளவு மெதுவாக ஓடுகிறது அது. வாசல் விளக்கு எரிந்ததைத்தான் பார்த்தேன். அவள் மூக்குக் குழாயை மூச்சு மெஷினில் மாற்றிக்கொண்டு வந்து கம்பியில் சாய்ந்து நின்று, "பாத்தியா, நீ செத்தாலும் நான் மூச்சு விடுவேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை, அழுகைதான் வந்தது. வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொன்னேன், அவள் நம்பவில்லை.

அந்த வாரமே அதைப் படகில் தூக்கி வைத்துக்கொண்டு சதுப்பில் இருக்கும் நம் மீன்பிடிக் குடிலுக்குப் போனோம். மூக்கில் குழாய் ஏறின நாளிலிருந்து அவள் அங்கே வந்ததே இல்லை. படகுக்கு எப்படியும் பெட்ரோல் கொண்டுபோகிறோம், அதிலேயே ஜெனரேட்டரையும் ஓட்டினோம். நான் செம்மீன் பிடித்தேன், அவள் தக்காளி நிறையப் போட்டுக் குழம்பு வைத்தாள், காரம் தூக்கல். ராத்திரி படுக்கும்போது எனக்கு ஒன்று தெரிந்தது. முன்பெல்லாம் தவளைச் சத்தம் கேட்டுத் தூங்குவேன். இப்போது அவள் மெஷின் புஸ் புஸ் என்பதைக் கேட்டால்தான் தூக்கம் வருகிறது.

அதனால் உன் அறையைப் பற்றி எழுதிவிடுகிறேன். இப்போது நாங்கள் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. எங்களில் ஒருத்தர் மிஞ்சுகிற நாள் வரும். மிஞ்சுவது உன் அம்மாவாக இருந்தால் அவளைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாதே, அவளுக்குப் பட்டனை அழுத்தத் தெரியும். மிஞ்சுவது நான் என்றால் அந்த அறை எனக்கு வேண்டும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் என்னால் தூங்க முடியாது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் மாதா துணையிருக்கட்டும், நல்ல சுகமும் நீண்ட ஆயுசும் தரட்டும். நவம்பரில் நன்றித் திருநாள் விருந்துக்கு வருவதாகச் சொன்னாயே, மறந்துவிடாதே. பறக்கிற நாளை முன்னாலேயே எழுது, ஃப்ரீசரில் வாத்து எடுத்து வைக்க வேண்டும். வரும்போது படத்தில் இருந்த பெரிய ஜெனரேட்டர் பேச்சை எடுக்காதே, அம்மா உன்னையும் படகில் உட்கார வைத்துவிடுவாள்.

என்றும் உன்மேல் உயிரான
அப்பா அல்சிட்