கருகிய கல்யாண உடுப்பு

அன்புள்ள மருமகனுக்கு,

இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். "மாமா, அங்க நாலு தேசத்து ஆளுங்க, யாரையும் நம்பாதீங்க" என்றாய். "போடா, மனுஷன் எங்கயும் மனுஷன்தான்" என்றேனா இல்லையா?

இன்று எங்கள் சலவைக் கடையில் ஒரு கல்யாண உடுப்பு கருகிவிட்டது. யாரோ இஸ்திரிப் பெட்டியை அதன்மேலேயே விட்டுவிட்டார்கள். மேலாளர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "எவன் வேலை இது? அவன் நாளையிலேருந்து வர வேணாம்" என்றார்.

இஸ்திரி போடுவது நாங்கள் நால்வர். ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு சாமி. நான் சிங்கம் மாதிரி கை தூக்கினேன். உடனே நெட்டையன் தூக்கினான். அப்புறம் தாடிக்காரர். கடைசியில், என்னோடு தினம் மல்லுக்கு நிற்கும் அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடியும் தூக்கினான். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினாலும் புரியாது.

"நாடகமா போடறீங்க?" என்று மேலாளர் அவர்கள் மூவரையும் வாசலில் நிறுத்திவிட்டார். மூன்று மணிக்கு முடிவு சொல்வாராம். என்னை மட்டும் வேலை பார்க்கச் சொன்னார். என் தொழில் சுத்தம் அப்படி.

இப்போது இரண்டரை. உட்கார முடியவில்லை. ஒரே சட்டையை மூன்று முறை தேய்த்துவிட்டேன். தாடிக்காரர் ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, கவலைப்படாதே என்று தலையசைக்கிறார்.

மருமகனே, மேலே ஒன்று மட்டும் என் கைச்சரக்கு. கை தூக்கியவர்கள் மூன்று பேர்தான். பெட்டியை அப்படியே விட்டுவிட்டு உன்னிடம் போனில் பீற்றிக்கொள்ளப் போனவன் நான். அதை மூவரும் பார்த்தார்கள். மேலாளர் அறைக்குப் போகிறேன்.

உன் மாமா