பக்கத்து லேன் காலி

மே பென், ஜமைக்கா,
ஞாயிறு, சர்ச் முடிந்து வந்து எழுதுவது.

அன்புள்ள கயோனாவுக்கு,

உன் அம்மா கட்டும் பார்சலில், சுட்ட ஈரப்பலாவுக்கும் மிளகாய்ச் சாஸ் பாட்டிலுக்கும் நடுவே இந்தக் கடிதத்தைச் செருகுகிறேன். லீவுக்கு வந்த நர்ஸ் ஒருத்தி செவ்வாய்க்கிழமை நீ இருக்கும் நாட்டுக்குத் திரும்புகிறாளாம். ரம் கேக்கும் வைப்பேன் என்று உன் அம்மா அடம். மது கலந்தது என்று அந்த நாட்டு விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொன்னால், "ஏன், அவங்களுக்கு மட்டும் வாய் இல்லையா, தின்னுட்டுப் போகட்டும்" என்கிறார். நீ போனை எடுப்பதில்லை. அதனால்தான் இத்தனை வருஷத்துக்குப் பிறகு பேனா பிடிக்கிறேன். சுகமாக இருக்கிறாய் என்று உன் அம்மா சொல்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. எப்படியிருந்தாலும் சுகமாக இரு.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். தேசியப் போட்டியில் நான் ஜெயித்துவிட்டேன். மகளிர் தடை ஓட்டத்தில் ஜமைக்காவின் சாம்பியன் இப்போது இந்த ஜோடியான்தான். சிரிக்காதே. பள்ளிக்கூட நாளிலிருந்து உன் முதுகையே பார்த்து ஓடியவளுக்கு முதல்முறையாக முன்னால் யாருமே இல்லை. ஆனால் உலகப் போட்டிக்குப் போகத் தேவையான நேரம் வரவில்லை. மெடல் கையில் இருக்கிறது, டிக்கெட் இல்லை. சந்தோஷப்படுவதா அழுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என்ன நடந்தது என்று உனக்குத்தான் சொல்ல முடியும். கோச் வின்ட்டிடம் சொன்னால் தலையில் குட்டுவார். ஒவ்வொரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே எல்லோருக்கும் மூன்று காலடிதான். நீ தடையைத் தாண்டித் தரையில் கால் வைக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஓடுவேன். அன்று பக்கத்து லேனில் ஒரு பள்ளிக்கூடப் பெண். கோழி கிளறுகிற மாதிரி படபடவென்று கால் வைப்பாள். என் காது அவளிடம் போய் ஒட்டிக்கொண்டது. நானும் குறுக்கிக் குறுக்கிக் கால் வைத்து, தடைகளுக்கு ரொம்பத் தள்ளியிருந்தே தாவினேன். பாதி வழியில் அவள் விழுந்துவிட்டாள். பிறகு யார் சத்தமும் இல்லை. மிச்சத் தடைகளையெல்லாம் முழங்காலால் இடித்துத் தள்ளிக்கொண்டு எப்படியோ போய்ச் சேர்ந்தேன். மற்றவர்கள் அன்று என்னைவிட மோசமாக ஓடினார்கள், அவ்வளவுதான்.

உன் அம்மாவும் ஸ்டேடியத்துக்கு வந்திருந்தார், தெரியுமா? நீ ஓடாத போட்டிக்கு ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. எப்போதும்போல தட்டி ஆரவாரம் செய்ய பெரிய டச்சுப் பானையின் மூடியும் கரண்டியும் கொண்டுவந்திருந்தார். நான் கோட்டைத் தாண்டியதும் என் அம்மா மூடியை அடித்தார், நம் தெருப் பெண்கள் எல்லோரும் அடித்தார்கள். உன் அம்மா மட்டும் மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த எவளோ, "என்ன மிஸ் பெவர்லி, கைவலியா? இல்ல இப்ப அந்த நாட்டுக்காரங்க ஓடினாத்தான் அடிப்பீங்களா?" என்று குத்தியிருக்கிறாள். உன் அம்மா எழுந்து நின்று, கரண்டியின் கைப்பிடி வளையும்வரை எனக்காக அடித்திருக்கிறார். நான் கேட்டபோது, "நீயும் என் சோறு தின்ன புள்ளதானேடி" என்று முடித்துவிட்டார். அன்று எனக்கு அழுகை வந்ததற்கு அதுதான் காரணம். டிவியில் ஆனந்தக் கண்ணீர் என்று சொன்னார்களாம்.

ஊர்ப் பேச்சைக் கேட்காதே. கேட்டால் காது புண்ணாகும். அந்தக் காலத்தில் கிங்ஸ்டன் ஸ்கூல்காரர்கள் தங்கள் ஸ்கூலுக்காக ஓட உன்னை எங்களிடமிருந்து கொண்டுபோகும்போது உன் அம்மாவுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் இறக்கினார்களே, அதைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். "அன்னைக்கு ஃப்ரிட்ஜுக்கு ஸ்கூல் மாறினா, இன்னைக்கு ஏசிக்கு நாடு மாறிட்டா" என்று டாக்ஸிக்காரன் முதல் பாஸ்டர் வரைக்கும் சொல்லியாயிற்று. நீ ஜூனியர் உலகச் சாம்பியனாக வந்தபோது இதே டாக்ஸிக்காரன்தான் உன்னைக் கார்க் கூரைமேல் உட்காரவைத்து ஊரைச் சுற்றினான். உலகப் போட்டியில் நீ தங்கம் எடுத்த அன்று இதே பாஸ்டர்தான் சர்ச் மணியை அடித்தார்.

மாஸ் லெஸ்டர் கடைச் சுவரில் உன் படம் இருந்ததே, அதை அழிக்கச் சொல்லி நாலு பேர் போய்ச் சண்டை போட்டார்கள். கிழவர் சுண்ணாம்பு வாளியும் கையுமாக வந்து உன் சட்டைக்கு மட்டும் வெள்ளை அடித்துவிட்டுப் போய்விட்டார். நம் கொடி நிறம் போயிற்று, முகம் அப்படியே இருக்கிறது. இது என்ன என்று கேட்டதற்கு, "மூஞ்சி நம்ம ஊர்ல பொறந்ததுதானே, அத எப்படி அழிக்கிறது? சட்டைய அவளே கழட்டிட்டா" என்றார். அவர் சொன்னது உனக்குச் சாதகமா பாதகமா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

எனக்கும் உன்மேல் கோபம்தான், மறைக்க மாட்டேன். உன் குதிகால் நரம்பு அறுந்து நீ ஒரு வருஷம் ஊன்றுகோலோடு கிடந்தபோது நம் தடகளச் சங்கத்திலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த நாட்டுக்காரர்கள்தான் டாக்டரிடம் காட்டினார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். காலையில் எழுந்தால் நீ செய்தது சரி என்று படுகிறது. பயிற்சிக்குப் போய் நீ நிற்கிற இடத்தைப் பார்த்ததும் துரோகி என்று வாயில் வருகிறது. சாயங்காலம் உன் அம்மா வீட்டு வாசலைத் தாண்டும்போது மறுபடியும் மாறிப்போகிறேன். ஒரு மனுஷிக்கு ஒரு நாளைக்கு எத்தனை மனசடி?

சரி, வந்த விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாத முதல் சனிக்கிழமை கிங்ஸ்டனில் ஒரு போட்டி இருக்கிறது. தகுதி நேரம் எடுக்க எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த உலகப் போட்டி வருவதற்குள் என் முழங்கால் ரிட்டயர் ஆகிவிடும். புது நாட்டுக்காக இறங்க நீ இன்னும் காத்திருக்க வேண்டுமாம். ஆனால் இந்த மாதிரி போட்டிகளில் யார் வேண்டுமானாலும் அவரவர் பெயரில் ஓடலாம் என்று கோச் சொன்னார். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

வராதே என்று எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன். கூட்டம் கத்தும், பெயர் சொல்லிக் கேவலமாகத் திட்டுவார்கள். உனக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. நாட்டை விட்டுப் போனவளிடம் நாட்டுக்காக உதவி கேட்கிறோமே என்று எனக்கும் கூச்சமாக இருக்கிறது. கோபம் தீர்ந்துவிட்டதா என்றால் தீரவில்லை. தீர்ந்த பிறகு எழுதலாம் என்று இருந்தால் சனிக்கிழமை போய்விடும்.

கர்த்தர் உன் காலைக் காப்பாற்றட்டும். நீ கோபமாகவே வந்தாலும் சரி, போட்டி முடிந்ததும் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் விமானம் ஏறினாலும் சரி. பக்கத்து லேனில் வந்து நில், உன் காலடிச் சத்தம் எனக்கு வேண்டும். பாவம் பார்த்து மெதுவாக ஓடிவிடாதே. எப்போதும்போல முன்னால் ஓடி, இந்த ஒருமுறை என்னைத் தோற்கடித்துவிட்டுப் போடி.

உன் பின்னால் ஓடியே பழகிய,
ஜோடியான்