பௌர்ணமியன்று நடந்தது யார்

பொன்னிக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் போனதாகச் சொன்னாய். நான் நம்பவில்லை. டாக்டர் உன்னைத் தினமும் நடக்கச் சொன்னதிலிருந்து, உன் போன் எண்ணும் காலடிகளை ஓர் ஆப்பில் ஓசூரிலிருந்தே பார்த்து வருகிறேன். அன்று பதினோராயிரம் காட்டியது. ஆனால் போன் வேங்கிக்கால் வீட்டைவிட்டு நகரவே இல்லை. யாரை ஏமாற்றுகிறாய் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன். மதி எடுத்தாள்.

"அம்மா அழுதுனு படுத்துனே இருந்துச்சுப்பா. நடக்கலன்னா நீ கத்துவ இல்ல? அதான் போனை எடுத்துனு நானே மாடியில சுத்தினேன். அம்மாவ திட்டாதப்பா."

ஏழு வயதுப் பிள்ளை. போனை வைத்துவிட்டேன்.

அந்த ஆப்பை அழித்துவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன். எழுந்திருக்க முடியவில்லை என்றால், அதை என்னிடமே சொல். கத்த மாட்டேன்.

படித்ததும் மதியின் பாதத்தைப் பார். கொப்புளம் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

உன் வீட்டுக்காரன்