மார்கழியில் வைக்காத நிலை

15-12-1958, திங்கள்

கார்த்திகை இன்றோடு சரி. ஆசாரி கதவு நிலையைக் கொண்டு வரவில்லை. ஆபீஸ் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை அவர் பட்டறைக்குப் போனேன். "நாளைக்கு ரெடிங்க" என்கிறார். நாளைக்கு மார்கழி. மார்கழியில் நிலை வைக்கக் கூடாது என்று கொத்தனார் மலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டார். நிலை நிற்காமல் சுவர் எழும்பாது. ஆக, கொல்லையில் நான் கட்டும் பாத்ரூம் தை பிறக்கும்வரை இடுப்பளவுச் சுவரோடு நிற்கப் போகிறது. அங்கே இருந்த பழைய ஓலைத்தட்டி மறைப்பு அடுப்புக்குப் போய்விட்டது. அதை ஒட்டிய மண்சுவரையும் இடித்தாயிற்று.

ஆட்கள் சும்மா இருக்க வேண்டாமே என்று அதுவரை வீட்டு ஓடுகளை மாற்றச் சொல்லிவிட்டேன். நல்ல யோசனை என்று எனக்கே பெருமை. அமராவதி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்றுதான் கல்யாணமான நாளிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.

17-12-1958, புதன்

வேலையாட்கள் ஆவூர்ப் பக்கம். புதுக்கோட்டைக்குத் தினம் வந்துபோகத் தோதில்லை. கொல்லையில் காலியாய்க் கிடந்த மாட்டுக்கொட்டகையில் தங்கிக்கொள்ளச் சொன்னேன். மலையாண்டி, அவருக்குக் கீழே இரண்டு ஆட்கள், சுண்ணாம்பு அரைக்க அவருடைய அக்கா மூக்காயி. சமையல், படுக்கை எல்லாம் அங்கேதான். நல்ல மனிதர்கள். ராத்திரி கொஞ்சம் சத்தமாகச் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

சாப்பாடு போடும்போது அமராவதி கேட்டாள்: "இவுங்க எப்பங்க போவாங்க?"

வேலை முடிந்ததும் என்றேன். சரியான பதில்தானே? பின்னே ஏன் முகம் அப்படிச் சுண்டிப்போனது? ரசத்தைக் கூட ஊற்றாமல் உள்ளே போய்விட்டாள்.

20-12-1958, சனி

விடிவதற்குள் ஆட்கள் கூரை மேல் ஏறிவிடுகிறார்கள் என்று அமராவதி சொன்னாள். இப்படிப்பட்ட ஆட்கள் இந்தக் காலத்தில் கிடைப்பார்களா என்றேன். கொல்லை முழுக்க மேலிருந்து தெரிகிறது என்றாள். தெரிந்தால் என்ன, வேலை செய்ய வந்தவர்கள் ஓட்டைப் பார்ப்பார்களா கொல்லையைப் பார்ப்பார்களா என்றேன்.

இன்று கிணற்றடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து ஒருவன், "ஐயா, இடது கன்னத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு" என்றான். விட்டுத்தான் போயிருந்தது. ஆனாலும் அவனுக்கு என்ன வந்தது? தாலுகா ஆபீஸில் வேலை பார்ப்பவன் முகத்தைக் கூரைமேல் இருந்து ஒருவன் திருத்துவதா? நாள் முழுக்க எரிச்சல்.

22-12-1958, திங்கள்

மூக்காயி பங்காளி வீட்டில் சாவு என்று காலையில் ஊருக்குப் போய்விட்டாள். சுண்ணாம்பு அரைக்க ஆள் இல்லை. யார் செத்தாலும் துக்கம் என் வீட்டு வேலைக்குத்தான்.

23-12-1958, செவ்வாய்

வெள்ளைச்சாமி மச்சான் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அமராவதி அரிமளத்துக்குப் போய்விட்டாள்.

24-12-1958, புதன்

நேற்று எழுதக் கை வரவில்லை.

என்ன நடந்தது? ஆபீஸிலிருந்து வந்தேன். வாசலில் வண்டி. அவள் அண்ணன் வந்திருக்கிறார் என்று கருப்பட்டிக் காப்பி போடச் சொல்ல வாயெடுத்தால் அவள் பெட்டியோடு வெளியே வருகிறாள். சின்னப் பெட்டி இல்லை. கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பெரிய பெட்டி. "வேலை முடியட்டும், வாரேன்" என்றாள். மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

வேலைக்கும் இவளுக்கும் என்ன? இவளா செங்கல் சுமக்கிறாள்? தீபாவளிக்கு எடுத்த புடவையின் நிறம் பிடிக்கவில்லையோ? அவள் அம்மாவின் முறுக்கைப் பற்றி ஐப்பசியில் ஒரு வார்த்தை சொன்னேனே, அதுவா? அது வேடிக்கைக்குச் சொன்னது. நான் இந்தப் பாத்ரூம் கட்டுவதே யாருக்கு? ஓலைத்தட்டிக்குப் பின்னால் குளிக்கிறாளே என்று அவளுக்காகத்தானே ஆரம்பித்தேன்!

எதிர்வீட்டில் கேட்டார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி என்று சொன்னேன். கொல்லைக்குத் திரும்பினால் மலையாண்டி, "பெரிய பெட்டியா எடுத்துட்டுப் போயிருக்காகளே, அம்மா எப்ப வருவாக?" என்கிறார். ஓடு பிரித்த வீட்டில் என்ன பேசினாலும் மேலே கேட்கும் போலிருக்கிறது. எல்லாம் பார்த்திருக்கிறார்கள், எல்லாம் கேட்டிருக்கிறார்கள். எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

பெரிய பெட்டி. அவள் வராமலே இருந்துவிட்டால்?

28-12-1958, ஞாயிறு

அரிமளம் போகலாம் என்று சட்டை போட்டேன். கழற்றிவிட்டேன். போய் என்னவென்று கேட்பது? தப்பு என்ன என்று தெரிந்தால் மன்னிப்பாவது கேட்கலாம்.

சோறு குழைந்துவிட்டது. கூரை மேல் இருந்தவன், "தண்ணி கூடிப்போச்சுங்களா?" என்றான்.

2-1-1959, வெள்ளி

காலையிலிருந்து காய்ச்சல். மத்தியானமே ஆபீஸில் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சத்தமில்லை. நேரே கொல்லைக்குப் போனால் கிணற்றடித் தூணுக்கும் வேம்புக்கும் நடுவே ஒரு புடவை கட்டித் தொங்குகிறது. அதற்குப் பின்னாலிருந்து மூக்காயியின் குரல்: "யாரு? அங்கிட்டே நில்லுங்க."

என் கொல்லை. என் கிணறு. ஆனாலும் நின்றேன். அங்கே நிற்பதும் சரியில்லை என்று பட்டது. வீட்டுக்குள் போகலாமா? அங்கேயும் ஓடு இல்லாமல் பாதி திறந்து கிடக்கிறது. கடைசியில் தெருவில் போய், காய்ச்சலோடு, குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். போகிறவர் வருகிறவரெல்லாம் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

மூக்காயி ஈரத்தலையோடு வந்து கூப்பிட்டாள். நேற்றுத்தான் ஊரிலிருந்து திரும்பியிருக்கிறாள். தம்பியையும் மற்றவர்களையும் ஓடு எடுத்துவர அனுப்பிவிட்டுக் குளித்தாளாம். நான் வருவேன் என்று நினைக்கவில்லையாம். அப்புறம் அவளாகவே சொன்னாள்:

"அம்மா இருந்தவரைக்கும் விடியக்காலம் நாந்தான் சேலையப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன் ஐயா. அவுக குளிச்சு, துணி மாத்திக்கிட்டு, கோலம் போடப் போவாக. நான் ஊருக்குப் போன அன்னிக்கு யாரு பிடிச்சாகளோ தெரியல."

யாரும் பிடிக்கவில்லை. அவள் ஊருக்குப் போன மறுநாள் வண்டி வந்தது.

3-1-1959, சனி

காய்ச்சல் விடவில்லை. கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். ஓடு பிரித்த கூரையின் கைமரங்களுக்கு நடுவே வானம். ஒரு கால் வந்தது, இன்னொரு கால் வந்தது. அப்புறம் குனிந்த ஒரு முகம். "படுத்திருக்கீங்களா, படுங்க படுங்க" என்றான், ரொம்ப மரியாதையாக. நான் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். இழுத்த பிறகும் அவன் பார்ப்பது போலவே இருந்தது. வேட்டி சரியாக இருக்கிறதா என்று உள்ளேயே தடவிப் பார்த்தேன்.

நான் ஆம்பளை. எனக்கே இப்படி.

ஆனால் ஒன்று புரியவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை, நேராக, "எனக்குக் குளிக்க இடமில்லை" என்று சொல்லியிருந்தால் நான் என்ன கல்லா?

4-1-1959, ஞாயிறு

அரிமளம் போனேன். மாமியார் பலகை போட்டு உட்காரவைத்தார். அவருடைய முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. அமராவதி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றேன். அவளுக்கு முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"யாரு சொன்னா?"

மூக்காயி என்றேன். அவ்வளவுதான், முகம் இறுகிவிட்டது.

"எப்ப போவாங்கன்னு கேட்டேன். விடியிறதுக்குள்ள ஏறிடுறாங்கன்னு சொன்னேன். மேலேருந்து கொல்லை தெரியுதுன்னு சொன்னேன். நான் சொன்னது ஒங்களுக்குக் கேக்கல. மூக்காயி சொன்னதும் கேட்டுருச்சு."

எல்லாம் என் காதில் விழுந்தவைதான். ஒவ்வொன்றுக்கும் பதில்கூடச் சொல்லியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்ல நல்லவேளை எனக்குத் தோன்றவில்லை. இனிமேல் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் ஆட்களை ஏறச் சொல்வேன், வா என்று கூப்பிட்டேன். "கதவு வரட்டும்" என்றாள்.

கோபமா, வெட்கமா, இல்லை என்மேல் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டதா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதே யோசனை. திருகோகர்ணத்தில் கண்டக்டர் தட்டி எழுப்புகிறார். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி வந்திருக்கிறேன்.

6-1-1959, செவ்வாய்

நான் சொல்லும்வரை காலையில் யாரும் கூரை ஏறக்கூடாது என்று உத்தரவு போட்டேன். மலையாண்டி தலையைச் சொறிந்தார். "அம்மாதான் இல்லையே ஐயா, யாருக்காக?"

உத்தரவு உத்தரவுதான் என்றேன்.

16-1-1959, வெள்ளி

தை பிறந்து முதல் வெள்ளி. நல்ல நேரம் பார்த்து நிலை வைத்தாயிற்று. மஞ்சள், குங்குமம் வைத்து மாவிலை கட்டியதெல்லாம் மூக்காயிதான். வீட்டு அம்மா செய்யவேண்டியது என்று இரண்டு தடவை சொன்னாள். ஆசாரி தாழ்ப்பாள் சின்னதாகப் போதுமா என்றார். இருப்பதிலேயே பெரியதாகப் போடச் சொன்னேன்.

24-1-1959, சனி

சுவர் முடிந்தது. கதவு மாட்டியாயிற்று. அரிமளத்துக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை.

25-1-1959, ஞாயிறு

பதிலுக்கு வண்டியே வந்தது. மச்சான் ஓட்டிக்கொண்டு வந்தார். பெரிய பெட்டி உள்ளேயே இருந்தது. இறக்கப் போனேன். "இருங்க மாப்ளே, தங்கச்சி பாத்துட்டுச் சொல்றேங்குது" என்றார்.

அமராவதி நேரே கொல்லைக்குப் போனாள். புதுச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியே நாங்கள் எல்லோரும் பரீட்சை எழுதியவர்கள் மாதிரி நின்றோம். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"நீங்க கூரை மேல ஏறிப் பாருங்க. மலையாண்டி வேண்டாம். நீங்க."

வாழ்நாளில் நான் கூரை ஏறியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். மலையாண்டி கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மச்சான் வேறு பக்கம் பார்த்தார். மேலே போய், ஓட்டைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தேன்.

பாத்ரூமுக்கு மேலே மூடவில்லை. ஈரம் காய வேண்டும் என்று திறந்தே விட்டிருக்கிறார்கள். அப்படித்தான் எல்லோரும் கட்டுகிறார்கள். உள்ளே அமராவதி நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகிட்டுக் குங்குமம், கழுத்துச் சரடு, தரையில் வெறும் பாதம், எல்லாம் தெரிந்தது. நான் நின்ற இந்தக் கூரையில் இத்தனை நாள் நின்றவர்கள் வேறு யார் யாரோ. ஓட்டை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டேன். உயரத்தால் மட்டும் இல்லை.

"தெரியுதாங்க?"

இல்லை என்று சொன்னால் பெட்டி இறங்கிவிடும். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"தெரியுது" என்றேன்.

தாழ்ப்பாள் திறந்தது. வெளியே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை.

"அண்ணே, பெட்டிய எறக்கு" என்றாள்.

ஏன் இறக்கச் சொன்னாள்? மேலே இன்னும் திறந்துதானே கிடக்கிறது? நான் இறங்குவதற்குள் சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

26-1-1959, திங்கள்

குடியரசு தினம், ஆபீஸ் கிடையாது. பாத்ரூமுக்கு மேலே கீற்று வேய நாளைக்குத்தான் ஆள் வருகிறது. கிழக்கு வெளுத்துவிட்டது. மலையாண்டியும் ஆட்களும் தெருக்கோடி டீக்கடைக்குப் போய், திரும்பி வந்து, வாசலில் உட்கார்ந்து மறுபடியும் பல் குச்சியை மென்றுகொண்டிருக்கிறார்கள். ஓட்டு வேலை பாக்கி இருந்தும் அவர்களால் ஏற முடியாது. ஏணியை வீட்டுக்குள் இழுத்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அமராவதி இன்னும் குளித்து முடிக்கவில்லை.