சுவரில் மாட்டிய ஊன்றுகோல்கள்

எர்மெக்,

ஆட்டுக்கறி ஷோர்போ சூப் அடுப்பில் இருக்கிறது. நான் ஜெபவீட்டுக்குப் போகிறேன். மகள் குணமானதற்குச் சாட்சி என்று சுவரில் மாட்டிய ஊன்றுகோல்களைத் திரும்ப எடுத்துவரத்தான்.

"விசுவாசந்தான்டி அவளுக்குக் கால்"னு நேற்றுக் கத்தினீர்களே, மூன்று நாளாக பெர்மெத் தவழ்ந்துதான் கழிவறைக்குப் போகிறாள். "அப்பாகிட்ட சொல்லாதம்மா, சபைக்கு அவமானம்" என்கிறாள்.

பத்து மணிக்குப் போதகர் காரில் வருவார். பனி உறைந்த ஜெபவீட்டுப் படிகளில் எல்லோர் முன்னும் அவளை நடத்திக் காட்டப் போகிறாராம். ஒன்பதுக்கு நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். அவருக்குக் கதவைத் திறக்காதீர்கள். நானும் விசுவாசிதான்.

– குல்சாத்

பி.கு.: ஆணியில் மாற்றுச் சாவியைக் காணோம். போதகரிடம் கொடுத்துவிட்டீர்களா?

அப்படியானால் அவளை இங்கே விடமாட்டேன்; முதுகில் தூக்கிக்கொண்டு போகிறேன். ஷோர்போ முழுவதும் உங்களுக்குத்தான்.