கால் வளையம்

தம்பி மகளின் பள்ளிச் சட்டைக்குப் பித்தான் தேடி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன். அந்த அலுமினிய வளையம் உருண்டு கட்டிலுக்கடியில் போனது. குனிந்து எடுக்கும்போது கடற்சேற்றின் வாடை வந்ததுபோல் இருந்தது. பத்து வருடம் கழித்து வாடை எங்கே இருக்கும்? நீ இறந்துபோயே எட்டு மாதம் ஆகிறது.

பாரிட் புந்தார் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் நாம் ஒன்றாக வேலை பார்த்த காலம். சனிக்கிழமைகளில் உன் ஹோண்டாவின் பின்னால் உட்கார்ந்து கடலோரச் சேற்றுமேட்டுக்கு வருவேன். பனிநாடுகளிலிருந்து வரும் உள்ளான் குருவிகளை நீ எண்ணுவாய், நான் எழுதுவேன். உன் கண் எப்போதும் அவற்றின் கால்களில்தான்.

"வளையம் போட்ட குருவி ஒண்ணே ஒண்ணு கிடைச்சா போதும்லா. நம்பர எழுதிப் போட்டா, வளையம் மாட்டுனவங்க எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் இந்த எடத்த யாரும் தொட யோசிப்பாங்க."

"கெடைச்சா நீ கம்மலாப் போட்டுக்குவே!" என்பேன்.

அப்போதே சதுப்பில் நின்ற பாக்காவ் மரங்களை வெட்டி இறால் குளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு வலைகள் வந்தன. கழுத்து மாட்டித் தொங்கிய பறவைகளை நீ அழுதுகொண்டே வலையை அறுத்து எடுத்தாய். நான் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் தம்பி போடும் அதே முடிச்சு.

"எஸ்டேட்ட துண்டு போட்டு வித்தாங்க, நண்டு புடிச்சேன். மரத்த வெட்டுனாங்க, நண்டும் போச்சு" என்றான் தம்பி, அன்றிரவு நான் கேட்டபோது. "போக்கா, போய் ஒன் கூட்டாளிகிட்ட சொல்லு. போலீசு வரட்டும்." அவன் மனைவிக்கு அப்போது ஆறு மாதம்.

மறுநாள் சமையலறையில், இறகுக் குப்பைக்குள் வளையம் கிடந்தது. கொஞ்சமும் நெளியவில்லை. காலை வெட்டித்தான் கழற்றியிருக்கிறார்கள்.

தந்தால் உன் சேற்றுமேடு பிழைக்கலாம். எங்கே கிடைத்தது என்பாய், தம்பி சிறைக்குப் போவான். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பள்ளிக்கு வந்தேன்.

"யாரு வலைன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்றாய்.

"தெரியலையே."

மாற்றல் கேட்டு ஈப்போவுக்கு வந்துவிட்டேன். உன் கடிதங்கள் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே வரி: "வளையம் இன்னும் இல்லை." கடைசிக் கடிதத்திலும் அதுதான். அந்தச் சேற்றுமேட்டில் இப்போது குளங்கள்.

இன்று வளையத்தின் எண்ணைத் தாளில் எழுதினேன். 'கிடைத்த இடம்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. என்னிடம் தங்கிப் படிக்கும் தம்பி மகள் தோள்மேல் எட்டிப் பார்த்தாள்.

"இது என்னா அத்தை, மோதிரமா?"

"தெரியலையே" என்றேன்.