செவந்தியின் கார்டியன்

11.6.1958, புதன்

எல்லோரும் ஏதாவது சேவை செய்ய வேண்டும் என்று மாதர் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். என் பங்குக்கு விழுந்தது, புதுக்கோட்டை ஊர் எல்லையில் இருக்கும் பெண்பிள்ளைகள் இல்லம். தாய் தகப்பன் இல்லாத இருபத்திரண்டு பிள்ளைகள். புதன்கிழமைதோறும் தேவாரம் சொல்லிக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, மாம்பழக் கலர் பட்டுப்புடவையில் போய் இறங்கினேன்.

மேட்ரன் செபமாலை என் புடவையைப் பார்த்தார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பேன் சீப்பும் வேப்பெண்ணெய்க் கிண்ணமும் கொண்டுவந்து வைத்தார்.

"பாட்டு அப்பறம் படிக்கலாம் ஆச்சி. மொதல்ல தலையைப் பாருங்க."

ஏழு தலை முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

13.6.1958

என் தலையும் அரிக்கிறது. வேர்க்குரு என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

25.6.1958

செவந்தி என்று ஒருத்தி. பதின்மூன்று வயது, ஏழாம் வகுப்பு. கோட்டைப்பட்டினம் பக்கம். தகப்பன் போன படகு திரும்பவில்லை. அடுத்த வருஷம் தாயும் காய்ச்சலில் போய்விட்டாள். ஆறு வயதுத் தங்கை ராசாத்தி எந்நேரமும் இவள் பாவாடையைப் பிடித்தபடியே திரிகிறாள்.

தலையைக் குனிந்துகொண்டே செவந்தி சொன்னாள்: "இங்க வர்றவங்களுக்கெல்லாம் நாங்க பேரு வச்சிருக்கோம் ஆச்சி. பிஸ்கட் அம்மா, போட்டோ அம்மா, அழுவாச்சி அம்மா."

"எனக்கு?"

"இன்னும் வைக்கல. கொஞ்ச நாள் போகட்டும்னு இருக்கோம். நீங்களும் நின்னுட்டா பேரு வீணாப் போயிரும்ல?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் சுருக்கென்றது.

30.7.1958

பெயர் வைத்துவிட்டார்கள். பேன் ஆச்சி.

சங்கத்தில் இதைச் சொல்லவில்லை. ஆனால் செவந்தியைப் பற்றி நிறையச் சொன்னேன். கணக்கில் புலி, வேலையில் சுறுசுறுப்பு, தங்கையைத் தாய்போலப் பார்த்துக்கொள்கிறாள் என்று ஒரே பெருமை. புது நகை போட்டுக்கொண்டு போனால்கூட நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன்.

17.9.1958

எனக்குக் குழந்தை இல்லை. செவந்தியை வீட்டோடு அழைத்து வந்து மகளைப்போல வைத்துக்கொண்டால் என்ன? என் வீட்டுக்காரர் செட்டியாரிடம் கேட்டேன்.

"நல்லதுதான். பாத்திரம் தேய்க்கிறவளும் நின்னுட்டா" என்றார்கள்.

மாமியாருக்கு வேறு கவலை. "மாட்டுக்குத் தண்ணி காட்டுவாளா?"

எனக்கு வந்த கோபம்! நான் மகள் என்கிறேன், இந்த வீட்டில் எல்லார் காதிலும் வேலைக்காரி என்று விழுகிறது.

கோபம் ஆறிய பிறகு ஒன்றை எழுதித்தான் ஆகவேண்டும். அவளுக்கென்று நான் மனசில் ஒழித்து வைத்திருந்த இடம் அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற நெல்மூட்டை அறை.

24.9.1958

செவந்தியிடமே கேட்டேன்.

"ராசாத்தி?" என்றாள்.

"அவள் இங்கேயே இருக்கட்டும். வாராவாரம் வந்து பார்க்கலாம்."

"பள்ளிக்கூடம்?"

"வீட்டிலேயே படிக்கலாமே."

கொஞ்சம் யோசித்தாள். "நா இங்கனயே இருக்கேன் ஆச்சி. எட்டாவது பாஸ் பண்ணிட்டா டீச்சர் ட்ரெயினிங் போலாமாம். பெறகு ராசாத்திய நானே வச்சுக்குவேன்."

இன்னும் கொஞ்சம் மோர் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி, அவ்வளவு மரியாதையாக.

என்ன திமிரு! எத்தனை பிள்ளைகளுக்குக் கெடைக்கும் இப்படி ஒரு வீடு? நா என்ன கொறை வச்சேன் இவளுக்கு? உக்காந்து உக்காந்து பேன் பாத்ததுக்கு இதா? — போகமாட்டேன் இனிமே. போகவே மாட்டேன்.

1.10.1958

போகவில்லை.

8.10.1958

போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டனுப்பவும் இல்லை.

29.10.1958

செபமாலை வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"செவந்திய காரியதரிசி வீட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க ஆச்சி. அவங்க வீட்டம்மாவுக்கு ஒடம்பு முடியல, கைப்பிள்ளை வேற. சனிக்கிழமை கமிட்டியில முடிவு பண்ணிருவாங்க."

"அவளை ஏன்?"

"நீங்கதான் சங்கத்துல அவ கெட்டிக்காரின்னு சொன்னீங்களாம்ல."

இல்லத்துக் காரியதரிசி சொக்கநாதன் கெட்டவர் இல்லை. 'வளர்ப்பதற்கு' என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் சொன்னதும் அதே வார்த்தைதானே?

"போனா படிப்பு போச்சு" என்றார் செபமாலை. "நா அங்க சம்பளத்துக்கு இருக்கேன், வாயத் தொறக்க முடியாது. நீங்க பேசலாம்."

1.11.1958, சனி

கமிட்டியில் ஐந்து ஆண்கள். பெண்கல்வி, தேச முன்னேற்றம் என்று இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்தது இவ்வளவுதான்:

"அந்தப் பிள்ளைய நான் முந்தியே கேட்டுட்டேன். அது எங்க வீட்டுக்கு."

சொக்கநாதன் உடனே கைகூப்பிவிட்டார். "தெரியாமப் போச்சு ஆச்சி! நீங்க வளக்குறதுன்னா அவ கொடுத்து வச்சவள்ல?"

படிக்கட்டும், விடுங்கள் என்று கேட்டிருந்தால் ஐந்து பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருப்பார்கள். எனக்கு வேண்டும் என்றேன், மறுபேச்சில்லை.

கார்டியன் என்ற இடத்தில் என் பெயர். கணவர் சம்மதம் வேண்டும் என்று ஃபாரத்தைக் கொடுத்தனுப்பினார்கள். செட்டியார் பேனாவைத் திறந்தபடி கேட்டார்கள்:

"பொண்ணு என்னைக்கு வருது?"

"வராது."

"பின்னே எதுக்குக் கையெழுத்து?"

"வராம இருக்கத்தான்."

பேனாவை ஒருமுறை உதறினார்கள். பிறகு கையெழுத்துப் போட்டார்கள்.

5.11.1958

ஆறு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் போனேன். செவந்திக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்து தலையை நீட்டினாள்.

"நீங்க வராம எல்லாருக்கும் பேன் ஏறிப்போச்சு."

17.1.1959

பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் மாமியார் சொல்கிறார்கள்: "இவ ஒரு பொண்ணை வளக்குறா. கண்ணால பாத்தவுக யாருமில்ல."

6.8.1959

கோயில் வாசலில் சொக்கநாதன். இல்லத்துக்குள் எட்டிப் பார்க்காதவர்; செவந்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்று தெரியாது. "பொண்ணு நல்லா வேலை செய்யுதா ஆச்சி?"

"ஒரு குறையும் இல்லை" என்றேன். சாமி சந்நிதிக்கு நேரே நின்றுகொண்டு.

15.6.1960

எட்டாவது பாஸ். திருச்சியில் ட்ரெயினிங் பள்ளியில் இடம் கிடைத்து, ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பஸ் நகர்ந்ததும் ராசாத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஜன்னல் வழியே செவந்தி அதட்டினாள்: "ஆச்சி சேலையில மூக்கச் சிந்தாதடி!"

முழுக்கச் சிந்திவிட்டாள். என் மூக்கும் அப்போது அவ்வளவு ஒழுங்காக இல்லை.

3.8.1960

மத்தியானம் சாப்பிட வந்தபோது, கடை விலாசத்துக்கு வந்த கடிதம் என்று செட்டியார் கொண்டுவந்து கொடுத்தார்கள். செவந்தி எழுதியிருக்கிறாள்.

'கார்டியன் ஆச்சி அவர்களுக்கு, நலம். இங்கு மாதத்தின் முதல் ஞாயிறு கார்டியன் வந்து பார்க்கலாம். வரவேண்டும் என்று கட்டாயமில்லை. போன மாதம் ஆள் வராத பிள்ளைகள் எல்லாம் வார்டன் துணியைத் துவைத்தோம். அதுவும் கஷ்டமில்லை. வந்தால் ராசாத்தியையும் கூட்டி வரலாம்.'

சத்தமாகத்தான் படித்தேன். இலைக்கு முன்னால் இருந்த செட்டியார் அப்பளத்தை நொறுக்கினார்கள். ரசம் ஊற்றும்போது மெதுவாகக் கேட்டேன்: "ஞாயித்துக்கெழமை திருச்சிக்குக் காலையில பஸ் எத்தனை மணிக்குன்னு கொஞ்சம் விசாரிக்கிறீங்களா?"

"ஆறரைக்கு" என்றார்கள், சோற்றைப் பிசைந்துகொண்டே. "மூணு சீட்டுக்குச் சொல்லி வச்சாச்சு."

கவரின் ஓரம் முன்னமே கிழிந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.